பயங்கரமான பாட்டுகளை எடுத்தவர்

டயாலிசிஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் அந்த மனிதரை எல்லோரும் மெஷின்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. ஆறு படுக்கை, ஆறு மெஷின். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி என்று வந்து, கையில் ஊசியோடு நான்கு மணி நேரம் படுத்திருந்துவிட்டுப் போவார்கள். குடித்த தண்ணீர் தானாக வெளியேற வழியில்லாத உடம்பு அவர்களுடையது. நாளைக்கு அரை லிட்டர்தான் அனுமதி. அதற்கு மேல் குடித்தால் அது உடம்பிலேயே தங்கி, அடுத்த முறை எடை பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். எடை மெஷினை ஏமாற்ற முடியாது. செருப்பையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, கடைசியில் மூக்குக் கண்ணாடியையும் கழற்றி வைத்து ஏறி நின்றவர்கள் உண்டு. பலித்ததில்லை.

தண்ணீர் விஷயத்தில் மெஷின்காரர் படு கறார். தனக்குத் தாகம் எடுத்தால் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் குடிப்பார். யாரோ அருவிப் படம் போட்ட காலண்டரை அறையில் மாட்டியபோது, அன்றைக்கே கழற்றிவிட்டு ரயில் படம் போட்டதை மாட்டினார். இவ்வளவு விவரம் தெரிந்த மனிதர்தான் அந்தக் காரியத்தையும் செய்தார்.

மூன்றாம் படுக்கை கண்டக்டருடையது. பஸ்ஸில் முப்பது வருடம் நின்றே காலம் தள்ளிவிட்டு, இங்கே ஒன்பது வருடமாகப் படுத்திருக்கிறார். அவருக்கு இதயம் பலவீனம். "ரெண்டு கிலோ தண்ணி ஏறினா இந்த இதயம் தாங்கும். மூணுன்னா திணறும். அதுக்கு மேல போனா நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். கண்டக்டர் ஒன்பது வருடத்தில் ஒன்றரையைத் தாண்டியதில்லை. மெஷின்காரருக்கு அவர் கூடப் பிறக்காத அண்ணன். அவரை இன்னும் பத்து வருடம் இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது மெஷின்காரர் வெளியே சொல்லாத ஆசை.

அறையில் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. கண்டக்டருக்குப் பிடித்தது, செத்தவன் தன்னைத் தூக்கிப் போகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே போகும் ஒரு பாட்டு. குலுக்காமல் நட, பள்ளம் வருது பார், மாமியார் வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பாதே என்று போகும். ஒவ்வொரு அடி முடியும்போதும் கண்டக்டர் "ரைட்" என்பார். ஆறு படுக்கையும் சிரிக்கும். ஐந்தாம் படுக்கை டீச்சர் மட்டும், சிரிப்பு மரியாதைக் குறைவு என்று புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார்.

யாரையோ பார்க்க வந்த ஒரு மருமகப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டுப் புகார்ப் பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டார். ஆஸ்பத்திரி சூப்பிரண்டு அம்மா மெஷின்காரரைக் கூப்பிட்டார்.

"உசுருக்குப் போராடுறவங்க முன்னாடி சாவுப் பாட்டா? பயங்கரமான பாட்டெல்லாம் எடுத்துட்டு மனசுக்கு இதமா போடுங்க."

"பயங்கரம்னா எதும்மா?"

நியாயமான கேள்வி. சூப்பிரண்டு அம்மா கொஞ்சம் யோசித்தார். "சாவு, சுடுகாடு, ரத்தம். அப்புறம் பிரிவு. இந்த வார்த்தைங்க வரக்கூடாது."

மெஷின்காரர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பெட்டியில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு பாட்டையும் வரி வரியாகக் கேட்டார்.

"ஊர் உலகத்துல பாட்டு கேட்டு சந்தோஷப்படுவாங்க. நீங்க பாட்டு கேட்டு டிக் அடிக்கிறீங்க" என்றார் மனைவி.

நாற்பத்தேழு தேறவில்லை. காதல் பாட்டில் பாதி சாவுப் பாட்டு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. காலி இடத்தில் இயற்கைப் பாட்டுகளை நிரப்பினார். மழை, ஆறு, அருவி, சுனை, பனித்துளி. ஒரு வரியில்கூட யாரும் சாகவில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

"நம்ம பாட்டு எங்க தம்பி?" என்று கண்டக்டர் கேட்டார்.

"மேலிடத்து உத்தரவுண்ணே."

அறை அமைதியானது. யாரும் சிரிக்கவில்லை, பேசவில்லை. டீச்சர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். மனசு இதமாகிவிட்டது என்று மெஷின்காரர் சூப்பிரண்டு அம்மாவிடம் போய்ச் சொன்னார். அவரும் நம்பினார்.

இரண்டாவது வாரத்திலிருந்து எடை ஏறியது. ஒருவருக்கு இல்லை, ஆறு பேருக்கும். மெஷின்காரர் எடை மெஷினைச் சந்தேகப்பட்டு ஆள் வரவழைத்துச் சரிபார்த்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது. கண்டக்டர் இரண்டைத் தொட்டார், பிறகு இரண்டே முக்கால். ஐந்தாவது வாரம் மூன்று கிலோ அறுநூறு கிராமோடு, மூச்சு வாங்க, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நான் அளந்துதான் குடுக்கிறேன்" என்று அந்த அம்மாள் அழுதார். "இவரு குளிக்கப் போறேன்னு போய் பைப்பைத் திறந்து வச்சுட்டு நிக்கிறாரு. சத்தம் மட்டும் கேட்டுக்கிறேன்னு சொல்றாரு. வெறும் சத்தத்தோட விடுவாரா?"

ஊசி போட்டு மெஷினை ஓடவிட்ட பிறகு மெஷின்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். "ஒன்பது வருஷம் கட்டுப்பாடா இருந்த மனுஷன், இப்ப என்னண்ணே கேடு வந்துச்சு?"

கண்டக்டர் பாட்டுப் பெட்டியைக் கண்ணால் காட்டினார். ஒருத்தி பாறையில் வழியும் தண்ணீரைக் கையில் அள்ளி, தொண்டை குளிரக் குடிப்பதாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அவதான் தம்பி. நாலு மணி நேரமும் குடிக்கிறா. எனக்குக் கையில ஊசி. எழுந்து ஓடவும் முடியாது. வீட்டுக்குப் போனாலும் மண்டைக்குள்ள குடிச்சுக்கிட்டே இருக்கா."

"சாவுப் பாட்டெல்லாம் கேட்டுட்டு நல்லாத்தானே சிரிச்சீங்க?"

"சாவு என்னைக்கோ வரும். தண்ணி இப்ப வேணுமே."

டீச்சர் காதுப் பஞ்சை எடுத்தார். "எனக்கு அந்த மழைப் பாட்டு வந்தா நடுங்குதுங்க. நாக்கைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது?" என்றார் கண்டக்டர். "மழைப் பாட்டு கேட்டா பயமா இருக்குன்னா? ஊரே சிரிக்கும்."

மெஷின்காரருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கண்ணில் படும் தண்ணீரை எல்லாம் ஒளித்துவைத்தவர், காது வழியாகக் குடம் குடமாக ஊற்றியிருக்கிறார். அதுவும் டிக் அடித்து ஊற்றியிருக்கிறார். யாரிடமும் கேட்காமல் அன்றைக்கே பழைய பாட்டுகளைத் திரும்பப் போட்டார். சூப்பிரண்டு அம்மா வந்து கேட்டபோது எடைப் புத்தகத்தை அவர் முன் விரித்துக் காட்டினார். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் ஐந்து பேருக்கு எடை இறங்கியது. கண்டக்டருக்கு இறங்கவில்லை. தண்ணீரை எடுக்கலாம் என்று மெஷினைத் தொட்டாலே அவருக்கு ரத்த அழுத்தம் விழுந்தது. நான்கு முறை பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இதயம் ஏற்கெனவே கெட்டுக்கொண்டுதான் இருந்தது, இதனால் மட்டும் வந்ததல்ல என்று டாக்டர் சொன்னார். மெஷின்காரர் தலையாட்டினார். ஆனால் இரவு வீட்டுக்குப் போனதும், தன்னால்தான் என்று மனைவியிடம் சொல்லி அழுதார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் மூன்றாம் படுக்கைக்கு வந்தார். எப்போதும் திட்டுகிறவர் அன்று படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, இனிமே ஊசி வேண்டாம். வீட்ல நிம்மதியா இருங்க. தண்ணி எவ்வளவு வேணும்னாலும் குடிங்க."

அறையில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அறையில் அதுவரை ஓடிய எந்தப் பாட்டிலும் இவ்வளவு பயங்கரமான ஒரு வரி வந்ததில்லை.

டாக்டர் போன பிறகு மெஷின்காரர் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். பாதை முழுக்கச் சிந்தியது.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே."

"நீ என்ன பண்ணுவே. குடிச்சது என் வாய்தானே."

கண்டக்டர் டம்ளரை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டே இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"குடிங்கண்ணே. அதான் டாக்டரே சொல்லிட்டாரே."

"மூடி வை தம்பி" என்றார் கண்டக்டர். "வியாழக்கிழமை வந்து குடிக்கிறேன்."

மெஷின்காரர் ஒரு தட்டு தேடி எடுத்து டம்ளரை மூடி வைத்தார்.