பாதியில் அறுந்த சொல்

துணை மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. லைன்மேன்களுக்கு, அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவள் ஆபரேட்டர் அக்கா. நீளமான அந்த அறையின் ஒரு சுவர் முழுக்க ஆள் உயர இரும்புப் பெட்டிகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு பீடர், அதாவது அங்கிருந்து ஒரு பகுதிக்குப் போகும் மின்பாதை. எங்காவது கம்பத்தில் ஏறி வேலை செய்ய வேண்டுமென்றால் போர்மேன் போன் செய்து லைன் கிளியர் கேட்பார். அவள் அந்தப் பாதையை நிறுத்திப் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ‘ஆள் வேலை செய்கிறார்’ அட்டையைத் தொங்கவிட்டு, அவரிடம் ஒரு எண் சொல்வாள். வேலை முடிந்ததும் அதே ஆள் போன் செய்து, அதே எண்ணைச் சொல்லி, போடலாம் என்று சொன்ன பிறகுதான் அவள் கை சுவிட்சுக்குப் போகும்.

சாலை தோண்டியவர்கள் தரைவழித் தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டுப் போய் எட்டு மாதமாகியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இந்தப் பேச்சு முழுவதும் அலுவலகம் கொடுத்த ஒரே செல்போனை நம்பி நடந்தது. அந்தப் போனோ ஒரு மாதமாக அவளைப் படுத்தி எடுத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் துண்டு துண்டாகும், பிறகு கட் ஆகிவிடும். திரும்ப அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வரும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல நான்கு சிக்னல் கோடும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அவளுடைய தம்பி செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அவனிடம் மூன்று முறை கொண்டுபோனாள். முதல் முறை சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டான். இரண்டாம் முறை புது சிம் வாங்க வைத்து, காந்தம் வைத்த உறையையும் பிடுங்கிக் குப்பையில் போட்டான். மூன்றாம் முறை நெட்வொர்க் அமைப்புகளை எல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டு, அவள் எதிரிலேயே கால் மணி நேரம் தன் மனைவியிடம் பேசிக் காட்டினான். ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை.

“அக்கா, போன்ல ஒரு கோளாறும் இல்ல. உன் ரூம்லதான் ஏதோ இருக்கு” என்றான்.

இரும்புப் பெட்டிகள் காரணமாக இருக்கும் என்று அவளும் நினைத்து, மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். பலன் இல்லை. அலுவலகத்துக்கு எழுதினாள். அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் பேய்க்காற்று அடித்து ஓய்ந்தது. மூன்றாம் பீடரில் ஒரு மரம் சாய்ந்து கம்பிமேல் கிடந்தது. பன்னிரண்டரைக்குப் போர்மேன் லைன் கிளியர் வாங்கினார். அவரோடு போயிருந்தவன் நெட்டை. கம்பம் ஏறுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஏணி இல்லாமலே பாதிக் கம்பம் எட்டிவிடுவான் என்று கிண்டல் செய்வார்கள். அவள் பாதையை நிறுத்தினாள், பூட்டினாள், அட்டையை மாட்டினாள், எண்ணைச் சொன்னாள்.

ஒன்றரை மணியிலிருந்து அவளுடைய மேலதிகாரியான என்ஜினீயர் அழைக்க ஆரம்பித்தார். அதே பீடரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. ஜெனரேட்டரில் டீசல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, மூன்று மணிக்குள் கரண்ட் வந்தாக வேண்டும் என்றார். போர்மேன் சொன்னால் அடுத்த நிமிடம் போட்டுவிடுவேன் என்று அவள் சொன்னாள். அந்த அழைப்பும் நடுவில் அறுந்தது.

இரண்டே முக்காலுக்குப் போர்மேன் அழைத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

“அக்கா… மரத்த எடுத்தாச்சு… மூணாம் பீடர… இப்ப போட…”

அவ்வளவுதான். கட்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். போடலாம் என்றாரா, போடாதீங்க என்றாரா? அந்த ‘ட’ குறிலா நெடிலா? மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒரு முறை குறிலாகக் கேட்டது, மறுமுறை நெடிலாகக் கேட்டது. மரத்தை எடுத்தாச்சு என்று சொன்னவர் அடுத்ததாகப் போடலாம் என்றுதானே சொல்வார்? நியாயமாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் எண்ணைச் சொல்லவில்லையே.

திரும்ப அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுத்தாள். அணைத்துப் போட்டாள். சிம்மைக் கழற்றும்போது அது கைநழுவித் தரையில் விழுந்து மேசைக்கடியில் போனது. மண்டியிட்டுத் தேடி எடுத்தாள். ஒரு கோடுகூட வரவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, எச்சரிக்கை மணி ஏதாவது அடித்தால் கத்துங்கள், எதையும் தொடாதீர்கள் என்று உள்ளே நிறுத்திவிட்டு, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வெளி கேட்டுக்கு ஓடினாள். அங்கே ஒரு கோடு வந்தது, போனது, வந்தது. போன் அடித்தது. என்ஜினீயர்.

“போர்மேன் முடிஞ்சதுன்னு சொல்லிட்டாரா?”

பாதிதான் கேட்டது என்று அவள் விவரத்தைச் சொன்னாள். மரத்தை எடுத்தாச்சு என்றவர் வேறு எதற்கு அழைப்பார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அங்கே உள்ளே ஒரு ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது என்று அவர் படபடத்தார். கடைசியாக, “நான் சொல்றேன், போடுங்க. பொறுப்பு என்னோடது” என்றார்.

அவளுடைய மகளும் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவள்தான்.

“பொறுப்பு உங்களோடது சார். கை என்னோடது. எனக்கு முழுசா கேக்கல, நான் போட மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு டீசல் அனுப்புங்க.”

மெமோ வரும் என்றார். வரட்டும் என்று அவள் சொல்வதற்குள் அதுவும் அறுந்தது.

பேச்சு போகாவிட்டாலும் எழுத்து போகலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டுக் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ‘லைன் போடலாமா வேண்டாமா, எழுதி அனுப்புங்க’ என்று தட்டிப் போர்மேனுக்கு அனுப்பினாள். போகவில்லை என்று காட்டியது. மறுபடி அனுப்பினாள். நான்காவது முறை போனது. பதில் இல்லை. மணி மூன்று. மூன்று ஐந்து. தெருவில் போனவர்கள், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் பெண்ணை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். சும்மா நிற்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்தக் கேள்வியை அவள் விரட்டவில்லை. அது பக்கத்திலேயே நின்றது.

மூன்று பதினொன்றுக்குப் போன் ஒரு முறை அதிர்ந்தது.

‘வேண்டாம். நெட்டை மேல இருக்கான்.’

அவள் மூன்று முறை படித்தாள். பிறகு உள்ளே போய், பூட்டை இழுத்துப் பார்த்து, அட்டையைத் தொட்டுப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். வாட்ச்மேன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான்கு மணிக்குச் சற்று முன்பு போர்மேன் பைக்கிலேயே வந்து சேர்ந்தார். மரத்தை எடுத்த பிறகு பார்த்தால் அடுத்த கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்ற நெட்டை உடனே ஏறிவிட்டான். “இப்ப போடாதீங்க, இன்னும் ஒரு வேலை இருக்கு”, அதைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறார். முழுக்கச் சொல்லிவிட்டதாகவே நினைத்திருந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவளுடைய செய்தியைத் தாமதமாகத்தான் பார்த்தாராம். எண்ணைச் சொன்னார், வேலை முடிந்தது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அவள் பூட்டைத் திறந்து பாதையைப் போட்டாள். அதற்குப் பிறகும் அவர் போகவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகுது அவனுக்கு என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு என்ஜினீயரே இரண்டு கேன் டீசல் ஏற்றிக்கொண்டு போயிருந்தார் என்பது சாயங்காலம் தெரிந்தது. அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஷிப்டில் அவள் போனின் அழைப்புப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, அறுந்துபோன ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதினாள். ஒரு மாதத்தில் பத்தொன்பது. பக்கத்தில், பீடர்கள் நின்ற நேரமும் வந்த நேரமும் எழுதிய தன் பதிவேட்டைப் பிரித்தாள். முதல் அழைப்பு அறுந்த நேரத்தில் மூன்றாம் பீடர் நின்றிருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதுக்கு வந்ததும் மீதியையும் ஒன்றுவிடாமல் ஒத்துப்பார்த்தாள். பத்தொன்பதும் மூன்றாம் பீடர் நின்று அரை மணிக்குப் பிறகு, அல்லது அது திரும்ப வந்த சில நிமிடத்துக்குள்.

தம்பிக்குப் போன் செய்தாள். செல்போன் டவருக்குக் கரண்ட் எங்கிருந்து போகிறது என்று கேட்டாள். தெரியவில்லையே, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தான். சாயங்காலம் வந்து சொன்னான்: நிலையத்துக்குப் பின்புறம் மாடிக்கட்டிடத்தின் மேல் இருக்கும் டவர் மூன்றாம் பீடரில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் எடுத்துக்கொள்ள வேண்டிய பேட்டரி செத்துப்போய்க் கிடக்கிறது, அரை மணிகூடத் தாங்குவதில்லை. அதற்கப்புறம் அவளுடைய போன் எங்கோ தூரத்து டவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதாவது, அந்தச் சுவிட்சைப் போட்டிருந்தால் சிக்னல் வந்திருக்கும். போர்மேனின் குரலும் தெளிவாகக் கேட்டிருக்கும்.

அந்தத் தாளின் நகலோடு அவள் புகார் எழுதினாள். டவர்க்காரர்கள் இரண்டு வாரத்தில் பேட்டரியை மாற்றினார்கள். தரைவழிக் கம்பியைச் சரிசெய்ய மேலும் இரண்டு மாதம் ஆனது. மெமோ சொன்னபடியே வந்தது. அவள் ஒன்றரைப் பக்கம் பதில் எழுதினாள். அதற்குப்பின் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. என்ஜினீயர் ஒரு நாள் வந்து, பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, “அன்னைக்கு நீங்க போட்டிருந்தா…” என்று ஆரம்பித்துவிட்டு, மேற்கொண்டு போகாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

லைன்மேன்களிடம் அவள் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டாள். இனி யாரும் போனில் போடலாம், போடாதே என்று பேசக் கூடாது. ‘வேண்டாம்’ அல்லது ‘சரி’, அதுதான் முதல் சொல். மற்ற கதையெல்லாம் அதற்குப் பிறகு. முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அந்த நாளுக்குப் பிறகு, நெட்டை கம்பம் ஏறும் நாட்களில், ஏறுவதற்கு முன் எண்ணைப் போர்மேனிடமிருந்து வாங்கித் தானே ஒரு முறை அவளுக்குப் போன் செய்து படிப்பான். அவள் எழுதியிருப்பதோடு ஒத்துப்பார்த்து, சரி என்பாள்.