நாலு அங்குலம்

திருச்செங்கோட்டு லாரி மெக்கானிக் முருகானந்தம், பொழுதுபோக்காக மரத்தில் பூ செதுக்க கணினி சொல்படி தானே செதுக்கும் ஒரு சின்ன எந்திரம், சி.என்.சி ரவுட்டர், வாங்கியிருந்தார். இரண்டு அங்குலத்துக்கு மேல் தடித்த மரம் அதற்கடியில் நுழையாது. இருபக்கத் தகடுகளையும் உயரமானதாக மாற்றி, செதுக்கும் முனையைத் தாங்கும் மேல் சட்டத்தை நாலு அங்குலம் தூக்கினார். கட்டை நுழைந்தது, ஆனால் உயரம் கூடியதில் சட்டம் ஆடி, பூ கோணிக்கொண்டது. மூன்று வாரம் போல்ட்டை முறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி அபிநயா கேட்டாள்:

"ஏனுங்க, பட்டறையில லாரியத் தூக்கி வெச்சா அடிய பாக்கறீங்க? நீங்கதான குழிக்குள்ள எறங்கறீங்க?"

இருபது வருஷமாகக் குழியில் நின்றவர் ஸ்பேனரை எடுத்து, தூக்கிய சட்டத்தைக் கழற்றினார். பழைய தகடுகளையே மாட்டினார். எந்திரத்தின் மேசையில் கட்டை இறங்குமளவு வெட்டியெடுத்து, அடியில் நாலு அங்குலம் தாழ்த்திப் பலகை அடித்தார். பூ பிசிறில்லாமல் விழுந்தது.

அதைப் பார்க்க அபிநயாவைக் கூப்பிட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.