ராசா திரும்பத் திரும்ப வந்த படம்

மாமாவுக்குப் பெண் கேட்டு அண்ணாவியார் வீட்டுக்கு அம்மா இரண்டு முறை ஆளனுப்பியிருந்தார். அண்ணாவியார் கூத்துப் பழக்குகிறவர். குருநகரில் அவருக்கென்று ஒரு மதிப்பு. இரண்டு முறையும் பதில் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி ஒரு பழைய ஊமைப் படத்தை மாமாவின் தலையில் கட்டினார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சுவாமி விட்டுப்போன ராசா கதை. பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போய்க் கிடந்தது.

மாமாவின் தொழில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது. ஆனாலும் மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து படச்சுருளைச் சாண் சாணாகத் துடைத்து ஒட்டினார். மூச்சுப் பட்டாலே அறும் என்று மிரட்டுவார். நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் அவரைக் கடந்து போவேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒரு பின்னேரம் கோயில் மண்டபத்து ஜன்னல்களில் சாக்குக் கட்டி இருட்டாக்கினார்கள். ஊரில் கரண்ட் போய் வருடங்கள் ஆகிவிட்டன. விளக்குக்கு மண்ணெண்ணெய் ஜெனரேற்றர், படக் கருவியின் கைபிடியைச் சுற்ற மாமாவின் கை. படம் ஊமை என்பதால் பாட்டும் மத்தளமும் அண்ணாவியார், ஆர்மோனியம் அவருடைய மகள். ராசா கதவைத் திறந்து வந்தார், சிம்மாசனத்தில் இருந்தார். அண்ணாவியார் அப்போதுதான் பாட்டின் முதல் அடியை எடுத்திருந்தார். கூத்தில் ராசா என்றால் வரவுப் பாட்டு முடியும்வரை மேடையைச் சுற்றி ஆடிவிட்டுத்தான் சிம்மாசனத்தில் இருப்பார்.

மத்தளம் நின்றது.

“தம்பி, வரவு முடியாமல் ராசா எப்பிடி இருப்பார்? திருப்பிச் சுத்தும்.”

“ஓம் அண்ணாவியார்,” என்றார் மாமா.

கைபிடியைப் பின்னோக்கிச் சுற்ற, ராசா எழுந்து பின்பக்கமாகவே நடந்து கதவுக்குள் போனார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ராசா மறுபடி வந்தார், பாட்டு முடியவில்லை. போனார், வந்தார். மகள் ஆர்மோனியத்தின் மேல் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். மாமா பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்தைத்தான்.

பிறகு மந்திரிக்கு வரவு, ராணிக்கு வரவு. ராணி பின்பக்கமாகப் போகும்போது சுருள் படக்கென்று அறுந்து, படக் கருவியின் பல்லில் சிக்கித் துண்டு துண்டாகக் கொட்டியது. அந்தக் கதையின் முடிவு இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் அழத் தொடங்கினேன். அண்ணாவியார் எழுந்து வந்து கீழே கிடந்ததைப் பார்த்தார்.

“அறுமெண்டு உமக்குத் தெரியாதோ?”

“தெரியும்.”

“பிறகேன் சுத்தினீர்?”

“நீங்கள் பாட்டை முடிக்கேல்லையே,” என்றார் மாமா.

அண்ணாவியார் மகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

“ஞாயிறு பூசை முடிய, அக்காவையும் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும்.”

மாமா முகமெல்லாம் பல்லாக நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மழைக்காலத்துப் பாடு குப்பையாகக் கிடக்கிறது, யாரோ வீட்டுக்கு வரச் சொன்னதற்கு இந்த மனிதர் இளிக்கிறாரே. துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, திருப்பி ஒட்டித் தரும்படி நீட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆர்மோனியத்தைத் தூக்கிக் கொடுக்க ஓடினார். மாமாவுக்கு அந்தப் படத்தில் கொஞ்சமும் அக்கறை இருந்ததில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.