ஒரு துணைக்கால் வித்தியாசம்

புனே பக்கம் சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்குக் குடிவந்த புதிதில், கீழ்வீட்டுக் காக்குவைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கும். காக்கு என்றால் இங்கே சித்தி மாதிரி. மாதம் பிறந்ததும் அவர் மாடிப்படியில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டே, ஏறி இறங்குகிறவர்களிடம் எல்லாம் "ஹப்தா பரலா கா?" என்று கேட்பார். ஹப்தா கட்டியாச்சா என்று அர்த்தம். ஹப்தா என்றால் எனக்குத் தெரிந்தது சினிமாவில் பம்பாய் ரவுடிகள் கடை கடையாக வாங்கும் மாமூல்தான். இந்தப் பொம்பளை ரவுடிகளுக்கு வசூல் பண்ணிக் கொடுக்கிறாள் போல என்று நினைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்குவேன். பிறகுதான் என் அண்ணன் முத்து சிரித்துக்கொண்டே சொன்னான், வீட்டுக் கடனுக்கு மாதா மாதம் கட்டும் தவணைக்கு இங்கே அதுதான் பெயர் என்று.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். எங்கள் கோவில்பட்டித் தெருவில் கடன் என்பது கதவைச் சாத்திவிட்டுப் பேசும் பேச்சு. நகை அடகுக்குப் போயிருந்தால், வெறுங்கழுத்து தெரியாதபடி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கல்யாணத்துக்கு வருவார்கள். இங்கே என்னடாவென்றால், எவ்வளவு கடன், இன்னும் எத்தனை வருசம், வட்டி ஏறிவிட்டதா என்று லிஃப்டில் நின்று பேசுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் பேங்குக்குக் கட்டாத வீடே கிடையாது. "பிந்தி பேங்கேச்யா, ரங் ஆம்சா" என்பார் காக்கு. சுவர் பேங்க்காரனுடையது, பெயின்ட் மட்டும்தான் நம்முடையது என்று. எனக்கு அது பிடித்திருந்தது. எல்லாருக்கும் கடன் இருக்கிற இடத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

என்னைப் புனேக்குக் கூட்டிவந்தவன் அண்ணன்தான். அப்பா முன்னமே போய்விட்டார். அம்மாவும் போனபிறகு நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அண்ணன் அப்போது சாகணில் கார் கம்பெனியில் வேலை பார்த்தான். வந்து பெட்டியைக் கட்டச் சொன்னான். போசரி பக்கம் ஒரு கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டான். காருக்குள் ஓடும் ஒயர்களை நிறம் பார்த்து, சேர்த்து, டேப் சுற்றிக் கட்டாகக் கட்டும் வேலை. பாஷை தெரியாவிட்டாலும் நிறம் தெரிந்தால் போதும். சில வருசம் நாங்கள் இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் அண்ணன், "ஏளா செல்வி, வாடகை குடுத்துக் குடுத்து எவனோ ஒருத்தன் வீட்டுக்கு நாம மாடி கட்டிட்டு இருக்கோம். சொந்தமா வாங்குவமா?" என்றான். அம்மாவின் சங்கிலி என்னிடம்தான் இருந்தது. எனக்கென்று அம்மா வைத்திருந்தது. முன்பணத்துக்கு அது போயிற்று. கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

கடன் வாங்கியது ஒரு கூட்டுறவு பேங்கில். கையெழுத்துப் போட என்னையும் கூட்டிப்போனான். அங்கிருந்த ஆபீசர் என்னைக் காட்டி ஏதோ வேகமாகக் கேட்டார். அண்ணன் "ஹோ, ஹோ" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினான். எனக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. வெளியே வந்து, "என்னண்ணே, என்னைப் பார்த்து ஜமீன்தார்னு சொன்ன மாதிரி இருந்துச்சு?" என்றேன்.

அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இப்போது தினமும் நினைத்துப் பார்க்கிறேன். பிறகு வெடித்துச் சிரித்தான். "ஆமாளா, ஆபீசர் வாயாலேயே சொல்லிட்டான் பாரு. உன் பேரும் பேப்பர்ல ஏறிட்டு. இனிமே நீ ஜமீன்தாரு." ஆளுக்கொரு வடாபாவ் தின்றோம். அவனுடைய மிளகாயையும் எனக்கே கொடுத்தான்.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் அதுதான். சம்பள நாளில் கையை நீட்டுவான். "ஜமீன்தாரே, வரி கட்டுங்க." நான் சம்பளத்தை அப்படியே கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு மட்டும் திருப்பி வாங்கிக்கொள்வேன். அடுப்படி சன்னலோரம் பாய் போட்டுப் படுப்பேன். அது என் ஜமீன். அந்தச் சன்னல் கம்பியில் கம்பெனிக் கழிவு ஒயரை முறுக்கி, டேப் சுற்றி ஒரு துணிக்கொடி கட்டினேன். எந்த மழைக்கும் அது அறுந்ததில்லை. கடனுக்கு இன்சூரன்ஸ் போட்டுவிடுங்கள் என்று பேங்கில் சொன்னபோதுகூட அண்ணன், "அதுக்கு வேற தண்டமா காசு கட்டணுமா? அதான் ஜமீன்தார் இருக்காளே" என்று சொல்லிவிட்டு வந்தான். நான் அதற்கும் சிரித்தேன்.

பிறகு அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. கவிதா மதினி புனேயிலேயே கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே வெடிமருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்த குடும்பம். அவர் பேசுகிற தமிழில் பாதி மராத்தி இருக்கும். நான் பேசுகிற தமிழ் அவருக்குப் பாதி புரியாது. ஆனாலும் சண்டை கிடையாது. ஒரே சன்னலில் அவர் துணியும் என் துணியும் காயும்.

போன மழைக்காலத்தில் சாகண் ரோட்டில் அண்ணன் வண்டி சறுக்கியது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் செருப்பை என் கையில் கொடுத்தார்கள். ஒன்றுதான் இருந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து, ஹப்தா தவறியபிறகு பேங்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காக்குவும் துணைக்கு மேலே வந்திருந்தார். மதினி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார். வந்தவர்களில் மூத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு, "ஜாமீன்தார் கோண் ஆஹே?" என்றார்.

ஜமீன்தார் யார் என்று கேட்பதாக என் காதில் விழுந்தது. அண்ணன் போனபிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டிருக்கவில்லை. வீட்டுக்காரி யார் என்று கேட்கிறார்கள், அழுதுகொண்டு மூலையில் கிடக்கக்கூடாது என்று எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த மராத்தியில் நன்றாகச் சத்தமாகச் சொன்னேன்: "மீச்! மீ ஜமீன்தார்." நான்தான் என்று.

வந்தவருக்கு நிம்மதி. "சாங்க்ல, சாங்க்ல" என்று தலையாட்டினார். நல்லதாய்ப் போயிற்று என்கிறார். மதினி தரையைப் பார்த்தார். காக்கு மட்டும் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "அக போரி, ஜமீன்தார் நாஹி. ஜாமீன்தார்." அடி பெண்ணே, ஜமீன்தார் இல்லை, ஜாமீன்தார் என்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. காக்கு தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துத் தரையில் எழுதினார். அவர்கள் எழுத்தில் ஒரு ஜ. அதன் பக்கத்தில் இன்னொரு ஜ, கூடவே ஒரு கோடு. முதலாவதைக் காட்டி "ஷேத், கர்" என்றார். நிலம், வீடு. இரண்டாவதைக் காட்டி, கடன்காரன் கட்டாவிட்டால் கட்ட வேண்டிய ஆள் என்று, இந்தியும் கையும் கலந்து சொன்னார். அந்தக் கோட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் அதைத் துணைக்கால் என்று சொல்லிக்கொடுத்தார். எனக்குத் துணையாக வந்தது அது ஒன்றுதான். வீடு என் பெயரில் இல்லை. கடனில்தான் நான் இருந்திருக்கிறேன்.

அவர்கள் போனபிறகு மதினியிடம் சொன்னேன், "மதினி, ஹப்தா முழுக்க நானே கட்டுதேன். ஓவர்டைம் பாக்கேன். வீட்டை மட்டும் வித்துராதீங்க."

"அரே செல்வி, யாரு வீட்டுக்கு நீ கட்டுவே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "நா அம்மாகிட்ட போறேன். ஃப்ளாட் வித்தா பேங்க் கர்ஜ் தீந்துடும். உன் தலைல ஒண்ணும் வராது, அவ்ளோதான்."

"அண்ணனுக்கு மராத்தி நல்லாத் தெரியுமே. அவனுக்கும் தப்பாத்தான் கேட்டிருக்குமோ?"

நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. மதினி சொல்லிவிட்டார்: "அவருக்குத் தெரியும். நா கேட்டேன், அவகிட்ட ஏன் சொல்லலேன்னு. சிரிச்சாரு. சொன்னா வரி கட்டமாட்டா, ஜமீன்தாராவே இருக்கட்டும்னாரு."

அவன் சிரிப்பு எனக்குத் தெரியும். எப்படிச் சிரித்திருப்பான் என்று காதில் கேட்கிறது. வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன், காறித் துப்பியிருப்பேன். இவன் படத்துக்கு நான்தான் பூ வாங்கிப் போடுகிறேன். என்றைக்காவது பெயரைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்திருப்பானோ, அதற்குள் போய்விட்டானோ என்று ஒருநாள் நினைக்கிறேன். மறுநாள் அந்த ஒரு நொடிப் பார்வை ஞாபகம் வருகிறது. அவன் யோசித்த நொடி அது. யோசித்துவிட்டுத்தான் சிரித்தான். செத்துப்போனவனை நினைத்து அழவும் வேண்டியிருக்கிறது, திட்டவும் வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே வாயால் செய்ய எனக்குத் தெரியவில்லை. மதினியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சட்டப்படி உள்ளது அவருக்கு வந்தது. தங்கச்சிக்குச் சட்டத்தில் இடம் கிடையாதாம். போகும்போது கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார். அம்மாவின் சங்கிலிக்கு என்று சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, சங்கிலியைப் பற்றியும் அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கிறான் என்று.

வீடு விற்று, கடன் தீர்த்த அன்று பேங்குக்கு என்னையும் வரச்சொன்னார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அதே மூத்தவர் சந்தோசமாகச் சொன்னார், "ஆதா தும்ஹீ மோகள்யா." இனி உங்களுக்குப் பாரம் இல்லை, நீங்கள் ஃப்ரீ என்கிறார். மோகளா என்ற வார்த்தை எனக்குத் தெரியும். பஸ் காலியாக வந்தாலும் இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது போசரியில் கம்பெனிப் பெண்கள் சிலரோடு ஒரு அறையில் இருக்கிறேன். என்னை மாதிரி அண்ணனையோ மாமனையோ நம்பி வந்து, புரியாத பாஷையில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வார்த்தையை இன்னொருமுறை சொல்லச்சொல்லிக் கேளுங்கள். பிரியமானவர்களிடம்தான் நாம் திரும்பக் கேட்பதில்லை.

போன வாரம் காக்குவைப் பார்க்க அந்தப் பக்கம் போனேன். படியில் அவர் இல்லை. பூட்டியிருந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கோவில்பட்டியிலிருந்து சித்தி போன் பண்ணினார்.

"ஏட்டி, வீட்டுக் கடன் முடிஞ்சிட்டுன்னு யாரோ சொன்னாவ. நெசமாவா?"

"முடிஞ்சிட்டு சித்தி."

"உங்க அண்ணன் இருந்து பாக்கக் குடுத்து வைக்கலையே. போவுது. இனி ஒரு பயலுக்கும் பதில் சொல்ல வேண்டாம். உன் வீடு, நீ மகராசியா இரி."

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பழைய வீட்டு அடுப்படிச் சன்னலில் நான் கட்டிய கொடி அப்படியே இருந்தது. யாரோ ஒரு பெண் அதில் குழந்தைத் துணி போட்டுக்கொண்டிருந்தார். அறுந்துவிடுமோ என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அது அறுந்துபோகாது.

"சரி சித்தி" என்றேன்.