வேகத்தடையில் அள்ளிய உப்பு

திரேஸ்புரம் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் செல்லக்கனியிடம் உப்பு விஷயத்தில் யாரும் கதைவிட முடியாது. விரலில் உரசியே எந்த உப்பளத்து உப்பென்று சொல்லிவிடுவாள். கடை முன்னாலுள்ள வேகத்தடையில் உப்பு லாரிகள் குலுங்கிச் சிந்துவதைத் தினமும் முறத்தில் அள்ளி, தான் வளர்க்கும் ஆட்டின் தண்ணீர்ச் சட்டியில் போடுவாள். ஆடு அதைக் குடித்துவிட்டு நேராக எதிர்வீட்டு ரோச்சின் கருவேப்பிலைச் செடிக்குப் போகும். இன்னொரு தடவை வந்தால் விஷம் வைத்துவிடுவேன் என்று முந்தாநாள்தான் அவர் கத்தியிருந்தார்.

அதனால் அன்று காலை சினையாடு வயிறு உப்பி, நுரை தள்ளி, வெடவெடவென்று நடுங்கியபோது செல்லக்கனிக்குச் சந்தேகமே வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுரோட்டில் நின்று ரோச்சின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். பாவம், மனுஷர் பதறிப்போய் வாசலுக்கு ஓடிவந்தார். யாரோ நல்லெண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். யாரோ மூச்சு நிற்கும் முன் கறிக்கடைக்கு அனுப்பச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் நல்ல வசவு கிடைத்தது.

கால்நடை ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வந்துசேர முக்கால் மணி நேரமாகும், அதுவரை ஆடு தாங்க வேண்டுமே என்றார் டாக்டரம்மா. "என்ன தின்னுச்சுன்னு மட்டும் சரியாச் சொல்லுங்கம்மா. தப்பாச் சொன்னா வைத்தியமும் தப்பாயிரும்."

எலிமருந்து என்று சொல்ல வாயெடுத்தவள் முறத்தைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த வெள்ளை மணிகள் ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக இருந்தன. விரலில் உரசினாள். உப்பின் நறநறப்பு இல்லை. துறைமுகத்திலிருந்து வந்த உர லாரி சிந்திய யூரியா அது. பார்க்காமல் அள்ளிப் போட்டது அவள் கைதான். தெருவே சுற்றி நிற்கிறது, சொன்னால் மானம் போகும். ஆட்டுக்குக் கண் சொருகியது.

"யூரியா, டாக்டரம்மா," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "நாந்தான் உப்புன்னு நெனச்சுப் போட்டேன். வேற யாரும் ஒண்ணும் வைக்கல."

அரை லிட்டர் வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து, தலையை ரொம்பத் தூக்காமல், கடைவாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார் டாக்டரம்மா. கடையில் வினிகர் தீர்ந்திருந்தது. அவள் திரும்புவதற்குள் ரோச், மீன் ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த பாட்டிலோடு வந்து ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பொறவு பேசிக்கிடலாம் ஏளா. மொதல்ல ஊத்து."

வண்டி வந்தபோது ஆடு ஏப்பம் விட்டுத் தள்ளாடி எழுந்தது. டாக்டரம்மா ஊசி போட்டு, பிழைத்துக்கொள்ளும் என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஆடு தன் இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு கருவேப்பிலைச் செடிக்கே போய் நின்றது. ரோச் வாயைத் திறக்கவில்லை. செல்லக்கனிதான் கம்பும் கையுமாக, ஆட்டின் ஏழு தலைமுறையையும் இழுத்தபடி ஓடினாள்.