வாசலில் கட்டிய டேன்டிலயன்

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது கம்பத்தில் எங்கள் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். ஊரில் பூக்கிற மஞ்சள் பூ ஒன்றை நோட்டில் ஒட்டி, அதன் ஆங்கிலப் பெயர், அந்தப் பெயருக்கு அர்த்தம், அதை வைத்து ஒரு வாக்கியம் என்று எழுதி வர வேண்டும். பூவுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. பொங்கலுக்கு முதல் நாள் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வாசலிலும் தொழுவத்திலும் தோட்டத்து மூலையிலும் காப்புக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் மிஞ்சிய ஆவாரம்பூ வீட்டிலேயே கிடந்தது. ஆங்கிலப் பெயர்தான் கிடைக்கவில்லை.

திராட்சைக்கு அடிக்கிற மருந்துகளின் பெயரைத் தவிர அப்பாவுக்கு வேறு இங்கிலீஷ் தெரியாது. அம்மா என்னை மாமாவிடம் தள்ளிவிட்டார். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கி ஏலக்காய்க் கடை ஒன்றில் வேலை பார்த்துவந்தார். அவர் பி.ஏ. முடித்தவர் என்பது அம்மா தினமும் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லும் சேதி. மாமாவும் அதற்கேற்ப எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் நின்றதே கிடையாது. அணை எத்தனை அடி, விமானம் எப்படிப் பறக்கிறது, எதைக் கேட்டாலும் கேட்ட மாத்திரத்தில் சொல்லுவார். சரியா தப்பா என்று பார்க்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

பூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார். பிறகு “டேன்டிலயன்” என்றார். சிங்கத்தின் பிடரி மயிர் போல மஞ்சளாக இருப்பதால் அந்தப் பெயராம். வாக்கியமும் அவரே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். ‘பொங்கலுக்கு எங்கள் வீட்டு வாசலில் டேன்டிலயன் கட்டுவோம்’ என்பது அதன் சாரம். நான் அதை நடந்தபடியே உருப்போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமாவுக்குப் பெண் பார்க்க உத்தமபாளையம் போனோம். அதற்கு முன் ஐந்து வீடுகளில் விசாரித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா முகம் அதனாலேயே ஒரு வருஷமாகக் கடுகடுவென்று இருந்தது. இந்தப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பட்டம் வாங்கின மாப்பிள்ளைக்குத்தான் கொடுப்பேன் என்று பெண்ணின் அப்பா உறுதியாக இருந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா பஸ்ஸிலேயே என் தொடையில் கிள்ளி வைத்தார்.

மிக்சரும் காப்பியும் வந்தன. மாப்பிள்ளை எந்தக் காலேஜில் பி.ஏ. முடித்தார் என்று பெண்ணின் அப்பா கேட்க, மாமா வாயெடுக்கும் முன்பே அம்மா பதில் சொன்னார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வாசல் நிலையில் வாடித் தொங்கிய காப்பைக் காட்டி, “இங்கனயும் டேன்டிலயன் கட்டியிருக்காக” என்றேன். சொன்னதோடு விட்டேனா, அந்த ஆங்கில வாக்கியத்தையும் எழுந்து நின்று ஒப்பித்தேன். மாமா சொல்லிக்கொடுத்தது என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா மகளைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். அவள் பாட்டனி டீச்சர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும் போல. மிக்சர் தட்டிலிருந்து அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பிள்ள சரியாத்தான்ப்பா சொல்லுது” என்றாள்.

கூடம் முழுக்க ஒரு சிரிப்புப் பரவியது. பெண்ணின் அப்பாவுக்கு அன்றைக்கே முடித்துவிடலாம் என்கிற அளவுக்குத் திருப்தி. இருவரும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். துணைக்கு நான்.

கறிவேப்பிலை மரத்தருகே போனதும் அவள் மெதுவாகச் சொன்னாள். டேன்டிலயன் என்பது குளிர் தேசத்துப் பூ, நம் வெயிலில் நாம் அதைக் காண முடியாது. சிங்கத்தின் பல் என்று அர்த்தம், இலை பல் பல்லாக இருப்பதால் வந்த பெயர், பூவின் நிறத்தால் இல்லை. ஆவாரையை ஆங்கிலத்தில் தோல் பதனிடுகிறவர்களின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்களாம். “வெள்ளக்காரனுக்கு அதோட பட்டைதான் வேணும். நாம காப்புக் கட்டுறதெல்லாம் அவனுக்கு எதுக்கு?” என்றாள் என்னிடம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியென்றால் கூடத்தில் ஏன் சரி என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அவள் மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எனக்கு அது என்ன பூன்னு இங்கிலீசுல தெரியாதுங்க” என்றார் கடைசியில். “பிள்ள கேட்டுச்சு, வாய்க்கு வந்ததச் சொல்லிப்புட்டேன். பி.ஏ.வும் முடிக்கல. இங்கிலீஷ் பேப்பர் ரெண்டு தடவ போயிருச்சு. அக்கா சொன்னது நெசமில்ல.”

மாமாவின் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க பரீட்சைய எழுதுங்க” என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதேன். என் வாயால் மாமாவின் கல்யாணம் கெட்டது என்று நினைத்தேன். எங்கள் வகுப்பில் தெரியாது என்றவர்கள் பெஞ்சு மேல் நிற்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன். மாமா அதையும் ஒரு டீச்சரிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சம்மதம் என்று சேதி வந்தது. பெண்ணின் அப்பா எல்லாம் தெரிந்து முறுக்கிக்கொண்டாராம், மகள் பிடிவாதமாக நின்றாளாம்.

இப்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இதுவரை மூன்று பேர் வந்து போனார்கள். மூவரிடமும் தனியாகப் பேசினேன், மூவருக்கும் எல்லாமே தெரிந்திருந்தது. போன மாதம் அத்தையிடம் கேட்டேன், மாமா அன்றைக்குக் கொல்லையிலும் டேன்டிலயன்தான் என்று சாதித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

“இன்னொரு காப்பியக் குடுத்து எல்லாரையும் அனுப்பி வச்சிருப்பேன்” என்றார் அத்தை, தயங்காமல்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூடத்தில் அத்தை சொன்ன பொய் மாமாவைக் காப்பாற்ற அல்ல, தனியாக நிற்கும்போது அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கத்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மாமாவின் மொத்த வாழ்க்கையும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போக நின்றிருக்கிறது. ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு, நாளைக்கு நோட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.