பாம்புக்காது

என் அண்ணனுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் பாம்புக்காது. சினிமாவுக்கும் டிவி தொடர்களுக்கும் பின்னணிச் சத்தம் தயாரித்துக் கொடுக்கும் ஒலிக்கூடம் அது. மாடியில் சன்னலே இல்லாத இரண்டு அறைகள், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. கதவு சாத்துவது, கண்ணாடி உடைவது, நடை, மழை எல்லாவற்றையும் அங்கே அறைக்குள்ளேயே செய்துவிடுவார்கள். கோடையை மட்டும் செய்ய முடியவில்லை. அதற்கு அண்ணன் காட்டுக்குப் போனான்.

கோடைக் காடு ஊமை என்று நினைப்பவர்கள் உண்டு. அவன் கொண்டுவந்ததைக் கேட்டால் அந்த நினைப்பு போய்விடும். வெயிலில் நெற்றுகள் பட்டென்று வெடிக்கும். மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி, துருப்பிடித்த கீல் போல முனகும். சருகுக்குள் ஓணான் ஓடும். இவை அத்தனைக்கும் மேலே, உச்சி வேளையில், சில்வண்டுகள் இரும்பை அறுப்பது போல ஒரே மூச்சாக இரையும்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இடம், பொழுது, காதில் விழும் சத்தங்கள் எல்லாவற்றையும் அவன் தன் குரலில் சொல்லிவிட்டுத்தான் வாயை மூடுவான். பின்னால் தேடி எடுக்க வசதி. இதற்கு அங்கே 'வாக்குமூலம்' என்று பெயர்.

காது போவதை முதலில் கண்டுபிடித்தது அண்ணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அடுப்படியில் நிறுத்திவிட்டுத் துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்தால் குக்கர் சீறிக்கொண்டிருக்கிறது, அடிப்பிடித்த நாற்றம் வேறு. பக்கத்திலேயே அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டு நிற்கிறான்.

"இவ்ளோ நேரமா சீறுது, அணைக்கக் கூடாதா?"

"எங்க சீறுது? விசிலே வரலையே."

"விசில் வராம ஓரமா ஒழுகுது. தெருவுக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா?"

அவன் குக்கரைப் பார்த்தான். மூடியின் ஓரத்தில் ஆவி பீறிட்டுக்கொண்டிருந்தது.

"தெரியுது, தெரியுது" என்றான்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கீச்சென்ற சத்தங்கள் போய்விட்டன, திரும்பி வராது என்றார். பேச்சு கேட்கும், புறா கேட்கும், கதவு தட்டினால் கேட்கும். சீட்டியும் சீறலும் சில்வண்டும் கேட்காது. அண்ணன் வேலையிடத்தில் மூச்சு விடவில்லை. சொன்னால் காடு போய்விடும். கீழ்த்தளத்து இருட்டறையில் ஒயர் சுருட்டுகிற வேலைதான் மிஞ்சும்.

ஆனால் அவன் வாயே அவனைக் காட்டிக்கொடுத்தது. அந்தக் கோடையின் முதல் பதிவை எடிட்டர் ஓடவிட்டபோது அண்ணன் குரல் கேட்டது: "உச்சி வெயில். புறா ஒன்று. மற்றபடி அமைதி." அந்தக் குரலையே அமுக்கிக்கொண்டு பின்னால் சில்வண்டுகள் காது கிழிய இரைந்தன.

எடிட்டர் எல்லோரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். பிறகு அதைத் தன் போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டான். 'மற்றபடி அமைதி' அங்கே பேச்சுவழக்காகிவிட்டது. முதலாளி யாரையாவது கிழித்துத் தொங்கவிட்டால், வெளியே வந்தவனிடம் கேட்பார்கள்: "உள்ள என்னடா?" "மற்றபடி அமைதி."

"பாம்புக்கு வெளிக்காதே கிடையாதாம், தெரியுமா?" என்றான் எடிட்டர், அண்ணன் காதுபடவே. "நாம பேரு சரியாத்தான் வச்சிருக்கோம்."

அண்ணனும் சிரித்தானாம். அவனே என்னிடம் சொன்னான்.

முதலாளி ஒரு வழி சொன்னார்.

"இன்னொரு தடவ போப்பா. எனக்கு நல்ல உச்சி வெயில் வேணும். வாக்குமூலத்துல ஒண்ணு விடாம சொல்லு. சரியா இருந்தா காடு உனக்கு. ஒண்ணு விட்டாலும் கீழ போய் ஒயர் சுத்து."

"விடாம சொல்றேன் சார்."

"கேக்காததையும் சேத்துச் சொல்லிடாத" என்றான் எடிட்டர்.

அண்ணி தடுத்துப் பார்த்தாள். "ஒயர் சுத்தினா உங்க கை தேஞ்சிடுமா? அதுவும் சம்பளம்தான?"

"நீ சும்மா இரு."

"எப்படிண்ணா சொல்லுவ?" என்று நான் கேட்டேன்.

"எந்த வேளைக்கு எது கத்தும்னு எனக்குத் தெரியாதா? அதுக்குக் காது எதுக்கு?" பதிவுக் கருவியின் திரையைக் காட்டினான். சத்தம் ஏறினால் அதில் ஒரு பச்சைக் கோடு துள்ளும். "மிச்சத்த இவன் சொல்லுவான்."

எப்போதும் போலத் தனியாகத்தான் போனான். கூட ஆள் வந்தால் காலடிச் சத்தம் பதிவாகிவிடும். பொழுது சாயும்போது வறண்ட ஓடைக்குப் பக்கத்தில் வனக்காவலர் அவனைக் கண்டார். கால் தொடை வரை வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஈறிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டே இருந்தது. மறுநாள் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்ததும் முதலாளி போன் செய்தார். கருவி கம்பெனியுடையது, கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்றார். நான்தான் எடுத்துப்போனேன். என்னை உட்காரச் சொன்னார்கள். பிறகு நான் இருப்பதை மறந்துவிட்டு ஓடவிட்டார்கள்.

அண்ணன் குரல் தெளிவாக, கொஞ்சம் மிடுக்காகவே இருந்தது. "உச்சி வெயில். வறண்ட ஓடை. சில்வண்டு. மூங்கில் உரசல். நெற்று வெடிக்கிறது. தூரத்தில் மரங்கொத்தி. சருகில் ஓணான்."

எடிட்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு விரலை மடக்கினான். "அட, எல்லாம் இருக்கே சார்."

அப்போது அந்தச் சத்தம் தொடங்கியது. கிட்டத்தில், நீளமாக, மூச்சு வாங்கி மறுபடி. குக்கர் சீறுவது போலவே இருந்தது. பச்சைக் கோடு துள்ளியிருக்க வேண்டும்.

"ஆகா, சில்வண்டு கிட்டயே வந்துடுச்சு" என்றது அண்ணன் குரல், ரகசியமாக, சந்தோஷமாக.

சருகில் அவன் கால் வைப்பது கேட்டது. சீறல் பெரிதாகியது. மைக் கீழே விழுந்தது. அதன்பிறகு சில்வண்டுகள் மட்டும் இரைந்துகொண்டே இருந்தன.

"ஒண்ணு விட்டுட்டான்" என்றார் முதலாளி.

எடிட்டர் பின்னால் ஓட்டி அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டான். "சார், இவ்ளோ கிட்டத்துல விரியன் சீறல் எவன்கிட்டயும் இல்ல. நடுவுல இவன் குரல வெட்டிட்டா சுத்தமா இருக்கும்."

"வெட்டு" என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்தார். "நீ வேணா வெளிய இரும்மா."

வெட்டிவிட்டார்கள். இப்போது நிறையப் பேர் அதை வாங்குகிறார்கள். இன்று சாயங்காலம் அண்ணி வீட்டில் டிவியில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு குழந்தையின் தொட்டிலுக்கு அடியில் ரப்பர் பாம்பு. முதல் சீறலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு வாங்கி, மறுபடி, அதேதான்.

அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"குக்கர் சீறுது பாரு" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அடுப்பில் எதுவும் இல்லை. அவள் திரும்பி வருவதற்குள் நான் டிவியை அணைத்தேன்.